பிரம்மதேசம் 3,855 முறை: ஷெல்லில் கட்டளைப் பதிலீட்டின் எல்லைகள்

ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொரு கட்டளைக்குள் அப்படியே செருகுவதற்கு யூனிக்ஸ் ஷெல் தரும் வசதிக்குக் கட்டளைப் பதிலீடு என்று பெயர். டாலர் குறி போட்டு அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளையை எழுத வேண்டும்: $( ). ஷெல் முதலில் உள்ளே இருப்பதை ஓட்டும். அது திரையில் எழுதியிருக்கக்கூடியதை எல்லாம் வாரிக்கொண்டு அந்த இடத்தில் வைக்கும். அதற்குப் பிறகுதான் சுற்றியுள்ள கட்டளை ஓடும். லினக்ஸில் இரண்டு வாரம் பழகியவர்கள்கூட இன்றைய தேதியைக் கோப்பின் பெயரில் சேர்க்க இதைத்தான் எழுதுகிறார்கள்.

அப்படி வாரப்படும் வெளியீடு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? எல்லையே கிடையாது என்பார் ஒருவர். 128 கிலோபைட் என்பார் இன்னொருவர். 2 மெகாபைட் என்றும் 100 மெகாபைட் என்றும் பதில்கள் உண்டு. சொல்பவர்கள் எல்லோருமே எதையோ சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் முட்டிக்கொண்ட சுவர் வேறு. எந்த எண் எந்தச் சுவருக்கு உரியது என்று பிரித்துச் சொல்லாத சோதனையால் யாருக்கும் பயனில்லை. தமிழ் உரையைக் கையாளுபவர்களுக்கு அது கெடுதலும் செய்யும்.

சோதனைக்கு ஒரு சொல் வேண்டும். ஆங்கிலப் பாடநூல்கள் 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்தையே ஆயிரக்கணக்கில் அடுக்கும். நான் பிரம்மதேசம் என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில், சோழர் கல்வெட்டுகள் நிறைந்த இரண்டு சிவன் கோயில்களுடன் ஒரு பிரம்மதேசம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பக்கத்தில் இன்னொன்று. செய்யாறு, அம்பாசமுத்திரம் பகுதிகளிலும் அதே பெயரில் ஊர்கள் உண்டு. விழுப்புரம் வட்டாரத்தை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. விழுப்புரத்தில் ஜிஎன்யூ/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது, கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களிடம் கொண்டுபோகிறது. காகுப்பத்திலும் திண்டிவனத்தை ஒட்டிய மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. 2012 முதல் கணியம் இதழ் தமிழிலேயே லினக்ஸ் சொல்லித்தருகிறது. ஆகவே ஷெல்லில் தமிழ்ப் பெயர்களைப் போட்டு உருட்டுகிற பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் கற்பனை மனிதர்கள் அல்லர். அவர்களுக்குப் பயன்பட வேண்டுமானால் சோதனையும் தமிழ்ச் சொல்லில்தான் நடக்க வேண்டும்.

பிரம்மதேசம் என்பதில் நமக்கு 7 எழுத்து: பி, ர, ம், ம, தே, ச, ம். யூனிகோடுக்கு 11 குறிகள், ஏனென்றால் பகரத்துக்குப் பின்வரும் இகரக் குறியும் தகரத்தோடு சேரும் ஏகாரக் கொம்பும் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. யுடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதினால் 33 பைட். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 2,944 முதல் 3,071 வரை. 2,048-க்கு மேல் 65,535 வரை உள்ள எந்தக் குறிக்கும் யுடிஎஃப்-8 மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். வரிமுடிவுக் குறியையும் சேர்த்தால் ஒரு வரிக்கு 34 பைட். 7, 11, 33 ஆகிய மூன்று எண்களும் பின்னால் தேவைப்படும்.

எல்லை பற்றிய கதை பழையது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதி 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லில் கட்டளைப் பதிலீடு சாய்ந்த ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லும் அதே குறியைக் கொண்டிருந்தது. சி ஷெல்லின் கையேட்டில் எல்லைகள் வெளிப்படையாகவே அச்சிடப்பட்டன: ஒரு சொல் 1,024 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, கட்டளைக்குத் தரும் பட்டியல் 10,240 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, கட்டளைப் பதிலீட்டின் வெளியீடும் அந்தப் பட்டியலுக்கு அனுமதித்த அளவைத் தாண்டக் கூடாது. நம் 34 பைட் கணக்கில் 10,240 என்பது 301 பிரம்மதேசம். இன்றைக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் அந்தக் கையேட்டை எழுதியவர்கள் செய்தது சரியான வேலை. எல்லையைச் சொல்லிவிட்டார்கள். பின்னால் வந்த பல ஷெல்கள் எல்லையைத் தூக்கிவிட்டன. கூடவே அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டன.

டாலர் அடைப்புக்குறி வடிவம் டேவிட் கோர்னின் ஷெல்லிலிருந்து வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவதற்குப் பழைய வடிவத்தைவிட இது எளிது. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. வெளியீடு எவ்வளவு இருக்கலாம் என்பதற்குத் தரத்தில் மேல் எல்லை எதுவும் கிடையாது. பிரயன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளியான பாஷ், அதே ஆண்டின் ஆல்ம்குவிஸ்ட் ஷெல்லிலிருந்து வந்த டாஷ், 1990-இன் இசட்-ஷெல் ஆகிய மூன்றுமே தாங்களாக ஒரு எண்ணை வைத்துக்கொள்வதில்லை. எல்லையே கிடையாது என்பவர் இதைத்தான் சொல்கிறார், இந்த அளவில் அவர் சொல்வது சரி.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். ஷெல் ஒரு பைப்பைத் திறக்கிறது. தன்னைப் பிரதியெடுத்து ஒரு துணை ஷெல்லை உண்டாக்குகிறது. துணை ஷெல் பைப்பின் ஒரு முனையில் எழுத, தாய் ஷெல் மறுமுனையில் சிறுகச் சிறுகப் படித்துத் தன் நினைவகத்தில் சேர்க்கிறது. இடம் போதாதபோது நினைவகத்தைப் பெருக்கிக்கொள்கிறது. எழுதும் முனை மூடியதும் வாசிப்பு முடிகிறது. லினக்ஸில் பைப்பின் கொள்ளளவு 2.6.11-ஆம் கர்னலிலிருந்து 65,536 பைட். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பதிலீட்டின் எல்லை 64 கிலோபைட் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அது தவறு. பைப் நிரம்பினால் எழுதுபவர் காத்திருப்பார், படிப்பவர் எடுத்ததும் மறுபடி எழுதுவார். மறுமுனையில் யாரும் படிக்காதபோதுதான் பைப்பின் அளவு தடையாகும். கட்டளைப் பதிலீட்டில் தாய் ஷெல் படித்துக்கொண்டே இருக்கிறது.

இதைச் சோதிப்பது எளிது. கொடுத்த சொல்லை நிறுத்தும்வரை வரிக்கு ஒன்றாக எழுதிக்கொண்டே போகும் 'யெஸ்' என்ற கட்டளை எல்லா லினக்ஸிலும் உண்டு. அதன் வெளியீட்டை 'ஹெட்' கட்டளைக்கு அனுப்பி வேண்டிய வரிகளை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். பிரம்மதேசத்தை 10,00,000 வரி எழுதவைத்து ஒரு மாறியில் பிடித்தால் ஏறத்தாழ 34 மெகாபைட் ஆகிறது, பாஷ் எதிர்ப்பே காட்டாமல் வாங்கிக்கொள்கிறது. மாறியில் இருப்பதை 'பிரிண்ட்எஃப்' வழியாக 'டபிள்யூசி'க்கு அனுப்பி எண்ணிப் பார்த்தால் 3,39,99,999 பைட். கடைசி வரிமுடிவு ஒன்று குறைகிறது, அந்தக் கதை பின்னால் வருகிறது.

மாறியில் இருப்பதை ஒரு வெளிக்கட்டளைக்கு, அதாவது ஷெல்லுக்கு வெளியே தனி நிரலாக உள்ள கட்டளைக்கு, வாதமாகக் கொடுக்கும்போதுதான் முதல் சுவர் தென்படும். 'எக்கோ', 'பிரிண்ட்எஃப்' இரண்டும் பாஷுக்குள்ளேயே கட்டப்பட்டவை. அவற்றுக்கு எவ்வளவு கொடுத்தாலும் கர்னலைத் தாண்ட வேண்டியதில்லை. அதே 'எக்கோ'வை 'பின்' (bin) அடைவில் இருக்கும் தனி நிரலாக முழுப் பாதையோடு அழைத்தால் கர்னல் அந்த வாதத்தைப் புதிய செயல்முறையின் நினைவகத்துக்கு நகலெடுக்க வேண்டும். லினக்ஸ் இங்கே இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. ஒற்றைச் சரம் ஒவ்வொன்றும் 32 நினைவகப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. பக்கம் 4,096 பைட்டாக உள்ள வழக்கமான கணினிகளில் அது 1,31,072 பைட், இறுதியில் வரும் சுழி பைட்டும் இதில் அடக்கம். எல்லாச் சரங்களும் சேர்ந்து அடுக்கு நினைவகத்துக்கு விதித்த அளவில் நான்கில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அடுக்கு வழக்கம்போல 8 மெகாபைட்டாக இருந்தால் இது 2 மெகாபைட்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3,855 வரி பிரம்மதேசம் என்றால் 1,31,070 பைட். பதிலீடு கடைசி வரிமுடிவை உதறிவிடுவதால் 1,31,069. சுழி பைட் சேர்ந்து மறுபடி 1,31,070. எல்லைக்குள் இருக்கிறது, ஓடும். 3,856 வரியானால் 1,31,104, ஓடாது. வாதப் பட்டியல் மிக நீளம் என்ற பிழைச்செய்தி வரும், பாஷ் 126 என்ற முடிவு எண்ணோடு திரும்பும். இரட்டை மேற்கோளுக்குள் மாறியை வைத்துச் செய்தால் கிடைக்கும் விடை இது. 128 கிலோபைட் என்று சொன்னவர் கண்டது இந்தச் சுவர். அவர் பதிலீட்டை அளக்கவில்லை, பதிலீட்டுக்குப் பிறகு நடக்கும் வேறொரு செயலை அளந்தார்.

இந்த எண்ணுக்கே இரண்டு வரலாறு இருப்பதால் குழப்பம் கூடுகிறது. 2007 அக்டோபரில் வந்த 2.6.23-ஆம் கர்னலுக்கு முன்பு, எல்லா வாதங்களுக்கும் சூழல் மாறிகளுக்கும் சேர்த்தே மொத்தம் 128 கிலோபைட்தான். அதற்குப் பிறகு அதே 128 ஒற்றைச் சரத்தின் எல்லையாக மாறியது, மொத்தம் அடுக்கின் கால் பங்கானது. பழைய குறிப்பைப் படித்தவரும் புதிய கணினியில் சோதித்தவரும் ஒரே எண்ணைச் சொல்லி வேறு வேறு பொருளைக் குறிக்கிறார்கள். மேக் கணினியில் மொத்த எல்லை 10,48,576 பைட். போசிக்ஸ் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சமோ 4,096 பைட்தான், 120 பிரம்மதேசம்.

மேற்கோள் குறியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஷெல் வெளியீட்டை இடைவெளி, தத்தல், வரிமுடிவு ஆகிய இடங்களில் துண்டாக்கும். அப்போது 3,856 வரி என்பது 3,856 தனி வாதங்கள். ஒவ்வொன்றும் சுழி பைட்டோடு 34 பைட்தான், எதுவும் ஒற்றைச் சரத்தின் எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே கட்டளை ஓடிவிடும். வாதத்துக்கு 8 பைட் வீதம் சுட்டிகளையும் சூழல் மாறிகள் பிடிக்கும் இடத்தையும் கணக்கில் சேர்த்தால் 50,000 சொல்லுக்குச் சற்றுக் கீழே வரைக்கும் ஓடும். அதன் பிறகுதான் 2 மெகாபைட் சுவர். அந்தப் பதில் வந்த இடமும் இதுவே.

இதில் இருக்கும் அபாயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிழை வந்ததும் மேற்கோள் குறியை எடுத்துப் பார்க்கிறார் ஒரு மாணவர், பிழை மறைகிறது, மேற்கோள் குறிதான் கோளாறு என்று கற்றுக்கொள்கிறார். உண்மையில் அவர் தரவையே மாற்றிவிட்டார். 'மேல் பிரம்மதேசம்' என்று இடைவெளியோடு ஒரு வரி இருந்தால் அது இப்போது இரண்டு வாதங்கள். வரியில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அந்த இடத்தில் அடைவில் உள்ள கோப்புப் பெயர்களெல்லாம் வந்து உட்காரும். நீளம் தொடர்பான சோதனையை மேற்கோள் குறியோடும் இல்லாமலும் இரண்டு தடவை ஓட்டி, இரண்டு விடையையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றின் தீர்வாக நினைக்கக் கூடாது.

இன்னொரு சுவர் அதைவிடக் கொடுமையானது, ஏனென்றால் தவறு செய்த வரி ஒன்று, அடி விழும் வரி வேறு. பிடித்த வெளியீட்டைச் சூழல் மாறியாக ஏற்றுமதி செய்துவிட்டால், அதற்குப் பிறகு அழைக்கும் ஒவ்வொரு வெளிக்கட்டளைக்கும் அது கூடவே போகும். சூழல் மாறி கர்னலுக்கு 'பெயர்=மதிப்பு' என்ற ஒரே சரமாகச் செல்கிறது. 3,855 வரியை ஓரெழுத்துப் பெயர் கொண்ட மாறியில் வைத்து ஏற்றுமதி செய்தால் பெயருக்கு 1, சமக்குறிக்கு 1, மதிப்புக்கு 1,31,069, சுழிக்கு 1. கூட்டினால் சரியாக 1,31,072. நூலிழையில் தப்பும். மாறிக்கு இரண்டெழுத்துப் பெயர் வைத்தால் தப்பாது. அதன்பின் 'எல்எஸ்' என்று வெறுமனே தட்டினாலும் வாதப் பட்டியல் நீளம் என்றே பதில் வரும். கட்டளைக்கு வாதமே கொடுக்காதபோது அப்படி ஒரு செய்தி வந்தால் எந்தப் புதியவருக்கும் தலை சுற்றும். ஏற்றுமதி செய்த மாறியை நீக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

தானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அதை வெளிப்படையாகச் சொல்லும் ஷெல்லும் இருக்கிறது. 2005-இல் அக்செல் லில்யென்க்ரான்ட்ஸ் தொடங்கிய ஃபிஷ், கட்டளைப் பதிலீடு படிக்கும் தரவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதன் மூன்றாம் வரிசைப் பதிப்புகளின் ஆவணம் தரும் இயல்பு அளவு 100 மெபிபைட். தாண்டினால் பதிலீடு மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள முழுக் கட்டளையும் ஓடாது, நிலை எண் 122 ஆகும். ஒரு மாறியின் மூலம் வரம்பைக் கூட்டலாம், குறைக்கலாம், சுழியம் கொடுத்து நீக்கியும் விடலாம். நினைவகம் தீர்ந்து கணினி முடங்குவதைத் தடுப்பதே நோக்கம் என்று ஆவணம் காரணமும் சொல்கிறது.

ஃபிஷ் தன் வரம்பைத் தானே சோதிக்கும் முறையிலிருந்து மற்றவர்கள் கற்க வேண்டியது நிறைய. 100 மெபிபைட் தரவை உருவாக்கிக் காத்திருப்பதில்லை. வரம்பை 512 பைட்டாகக் குறைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் வெளியீடு வெற்றி பெறுகிறதா, தாண்டும் வெளியீடு தோற்கிறதா, தோற்றபோது சுற்றியுள்ள கட்டளை உண்மையிலேயே ஓடாமல் நின்றதா என்று பார்க்கிறார்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். பாதி தரவோடு சுற்றியுள்ள கட்டளை ஓடிவிடுமானால் வரம்பு இருந்து பயனில்லை. இதில் எனக்குச் சார்பு உண்டு: எண்ணைச் சொல்லிவிட்டு, மீறினால் முழுவதுமாக நிற்கிற ஷெல்லே நம்பத் தகுந்தது. நினைவகம் உள்ளவரை வாங்கிக்கொண்டே போவது தாராளம் போலத் தோன்றினாலும், 2 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில் அது இயந்திரத்தையே உறைய வைக்கும்.

பாஷில் அந்த உறைவைப் பாதுகாப்பாகச் சோதிக்க வழி உண்டு. அடைப்புக்குறிக்குள் ஒரு துணை ஷெல்லைத் திறந்து, அதற்குள் 'யூலிமிட்' கட்டளையால் மெய்நிகர் நினைவகத்துக்கு 2,00,000 கிலோபைட் என்று கட்டுப்பாடு போட வேண்டும். பிறகு அதற்குள்ளேயே முடிவில்லாத 'யெஸ்' வெளியீட்டைப் பதிலீட்டில் பிடிக்க வேண்டும். நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று சொல்லித் துணை ஷெல் சாகும், தாய் ஷெல்லுக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கட்டுப்பாடு போடாமல் முடிவில்லாத வெளியீட்டைப் பதிலீட்டில் பிடிக்க எந்த மாணவரையும் யாரும் ஏவக் கூடாது.

இதுவரை பார்த்த சுவர்களெல்லாம் சத்தம் போடுபவை. பிழைச்செய்தி வரும், முடிவு எண் மாறும். சத்தமே இல்லாமல் தரவைத் தின்னும் இடங்கள் வேறு இருக்கின்றன, அவற்றை அளவுச் சோதனை செய்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

வெளியீட்டின் இறுதியில் எத்தனை வரிமுடிவு இருந்தாலும் எல்லாவற்றையும் நீக்க வேண்டும் என்பது போசிக்ஸ் விதி. கடைசியில் வேண்டுமென்றே மூன்று வெற்று வரி விட்ட கோப்பைப் பதிலீட்டில் பிடித்துத் திரும்ப எழுதினால் அவை திரும்பி வரா. இதற்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: உள்கட்டளையின் முடிவில் ஒரு புள்ளியை எழுதவைத்து, பிடித்த பிறகு அந்தப் புள்ளியை மட்டும் உருவிவிட வேண்டும். சுழி பைட் விஷயத்தில் ஷெல்லுக்கு ஷெல் நடப்பு மாறுகிறது. இசட்-ஷெல் அதைக் காப்பாற்றும். டாஷ் சொல்லாமல் விட்டுவிடும். பாஷும் விட்டுவிடும், ஆனால் 2016-இன் 4.4 பதிப்பிலிருந்து சுழி பைட்டைப் புறக்கணித்ததாக எச்சரிக்கிறது. ஆகவே ஒரு படக்கோப்பைப் பதிலீட்டில் பிடித்தால் திரும்பக் கிடைப்பது அந்தப் படம் அல்ல. அனுப்பிய பைட்டும் வந்த பைட்டும் ஒன்றுதானா என்று சரிபார்ப்புத் தொகை எடுத்து ஒப்பிடாமல், பிழைச்செய்தி வரவில்லையே என்று திருப்திப்படுவது சோதனையாகாது.

சத்தமில்லாத இழப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரம்மதேசத்தின் பக்கத்து ஊரிலேயே சான்று இருக்கிறது. எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கிருந்த கல்லூரியின் கணக்கைச் சொல்கிறது: இளநிலை மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர், அவரவருக்கு அளக்க வேண்டிய நெல். இப்படிப்பட்ட வாசகத்தை ஒருவர் தட்டச்சு செய்து, ஷெல் நிரல் வழியாக வேறொரு கருவிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கோ உரை பாதியில் வெட்டுப்பட்டு, முதல் 270 மட்டும் போய்ச் சேர்கிறது. வாசிப்பவருக்கு அது முழுமையான வாக்கியமாகவே தெரியும். 340 பேர் படித்த கல்லூரி 270 பேர் படித்த கல்லூரியாகிவிடும், சந்தேகப்படக் காரணமே இருக்காது.

வெட்டு தமிழில் இன்னும் நுட்பமாக விழும். பைட் கணக்கில் வெட்டும் 'ஹெட்' கட்டளையிடம் பிரம்மதேச வரிகளிலிருந்து 1,31,071 பைட் கேட்டால், 3,855 முழு வரியும் அடுத்த பகரத்தின் மூன்று பைட்டில் முதலாவதும் கிடைக்கும். அந்த ஒற்றைப் பைட் எந்த எழுத்தும் அல்ல. திரையில் கேள்விக்குறி போட்ட கட்டமாகத் தெரியும், அந்த மட்டில் நல்லது, கண்ணில் படும். யூனிகோடுக் குறிகளின் கணக்கில் வெட்டினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். 'பி' என்பதன் நடுவில் வெட்டு விழுந்தால் எஞ்சுவது 'ப'. 'ம்' என்பதன் நடுவில் விழுந்தால் 'ம'. இரண்டும் முறையான எழுத்துகள், எந்தக் கருவியும் குறை சொல்லாது, சொல் மட்டும் மாறிப்போயிருக்கும். ஆங்கில எழுத்தை மட்டும் அடுக்கிச் சோதிப்பவருக்கு இந்தக் கோளாறு ஒருநாளும் கண்ணில் படாது.

நீளத்தை அளப்பதிலும் இதே சிக்கல். மாறியின் நீளத்தைக் கேட்டால், யுடிஎஃப்-8 உள்ளமைவில் (லோகேல்) ஓடும் பாஷ் பிரம்மதேசத்துக்கு 11 என்கிறது. அதே நிரலை 'சி' உள்ளமைவில் ஓட்டினால் 33 என்கிறது. டெர்மினலில் உட்கார்ந்து ஓட்டும்போது முதல் விடை வரும், இரவில் நேரம் குறித்து நிரல்களை இயக்கும் 'கிரான்' ஓட்டும்போது உள்ளமைவு அமையாமல் இரண்டாவது விடை வரலாம். 7 என்று இங்கே பார்த்த ஷெல்கள் எதுவும் சொல்லாது. எல்லை 1,31,072 என்று தெரிந்துகொண்டு, நிரலுக்குள் மாறியின் நீளத்தை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாதுகாப்பு வைப்பவர் தமிழ் உரையில் ஏமாந்துபோவார். 1,00,000 குறி கொண்ட தமிழ் உரை அவருடைய சோதனையில் தேறிவிடும், கர்னலிடம் போகும்போது 3,00,000 பைட்டாக நிற்கும். ஒப்பிட வேண்டியது பைட்டை.

நடைமுறையில் இது எந்த அளவுக்கு உறைக்கும்? ஒரு கிராமத்துப் பெயர்ப்பட்டியலில் வரிக்கு 40 தமிழ்க் குறியும், எண்களும் இடைவெளிகளுமாக 10 குறியும் இருந்தால் வரிமுடிவோடு 131 பைட். ஒரே மேற்கோளுக்குள் வைத்து வெளிக்கட்டளைக்குக் கொடுத்தால் 1,000 பேர் வரை போகும், 1,001-ஆவது பெயரில் நிற்கும். அதே நீளப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தால் வரிக்கு 51 பைட், 2,570 பேர் வரை போகும். ஆங்கிலத்தில் எழுதிச் சோதித்து 2,000 பேருக்கு ஓடுகிறது என்று உறுதியளித்த நிரல், தமிழ்ப் பட்டியல் வந்ததும் பாதியிலேயே விழுகிறது. தமிழின் மேல் குற்றமில்லை, கர்னலின் மேலும் குற்றமில்லை. சோதனைத் தரவைத் தேர்ந்தவர்தான் பொறுப்பு. டிஸ்கி போன்ற எட்டு பிட் குறிமுறைகள் இருந்த காலத்தில் இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாக இல்லை, அப்போது எழுதிய நிரல்களை யுடிஎஃப்-8 உரைக்கு அப்படியே பயன்படுத்துபவர்கள் திரும்ப அளந்து பார்க்க வேண்டும்.

சோதனை நிரலே பொய் சொல்லும் இடங்களும் சில உண்டு. பாஷின் செயற்கூறுக்குள் 'லோக்கல்' என்று அறிவித்துக்கொண்டே அதே வரியில் பதிலீட்டைப் பிடித்தால், உள்கட்டளை தோற்றாலும் அந்த வரியின் முடிவு எண் சுழியமே, ஏனென்றால் வெற்றி 'லோக்கல்' கட்டளையுடையது. முதலில் அறிவித்து அடுத்த வரியில் பிடிக்க வேண்டும். இதற்கு நேர்மாறான தொல்லை 'பைப்ஃபெயில்' விருப்பத்தால் வரும். 'யெஸ்' எழுதிக்கொண்டிருக்கும்போது 'ஹெட்' தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மூடிவிட்டால், 'யெஸ்' 141 என்ற எண்ணோடு சாகிறது. விருப்பம் இயங்கினால் முழுச் சோதனையும் தோற்றதாகக் காட்டும், உண்மையில் எதுவும் தோற்கவில்லை. எந்த ஷெல்லில் ஓடியது என்பதையும் குறிக்க வேண்டும்: உபுண்டுவில் 2006-இன் 6.10 பதிப்பிலிருந்து 'எஸ்எச்' என்று அழைத்தால் வருவது டாஷ், பாஷ் அல்ல.

சுவரைத் தாண்டும் வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய உரையை வாதமாகக் கொடுக்காமல் பைப் வழியாக உள்ளீடாகக் கொடுத்தால் வாத எல்லை பொருந்தவே பொருந்தாது. வாதமாகத்தான் வேண்டும் என்றால் 'எக்ஸ்ஆர்க்ஸ்' கட்டளை பட்டியலை எல்லைக்குள் அடங்கும் கட்டுகளாகப் பிரித்துப் பல முறை ஓட்டும், வெளிக்கட்டளை பல முறை ஓடுவதால் விடை மாறுமா என்று மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும். வரி வரியாகச் செயல்பட வேண்டிய இடத்தில் முழுவதையும் மாறியில் பிடிப்பதே தேவையற்றது. பெரும்பாலான சிக்கல்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

2025 ஜூலையில் வந்த பாஷ் 5.3 இந்தக் கேள்விக்குள் ஒரு புதிய பொருளைக் கொண்டுவந்திருக்கிறது. கோர்ன் ஷெல்லின் பிற்காலப் பதிப்பில் இருந்த வடிவத்தை ஒட்டி, டாலர் குறிக்குப் பிறகு நெளிவு அடைப்பு, இடைவெளி, கட்டளை என்று எழுதினால் துணை ஷெல் உண்டாகாமல் நடப்பு ஷெல்லிலேயே கட்டளை ஓடி வெளியீடு பிடிபடும். வாத எல்லையும் சூழல் எல்லையும் கர்னலுடையவை என்பதால் அவை அப்படியே நிற்கும். ஆனால் 'யூலிமிட்' கட்டுப்பாட்டைத் துணை ஷெல்லுக்குள் அடைத்துவைக்கும் பழைய உத்தியைக் கவனமாகக் கையாள வேண்டும்: புதிய வடிவத்தின் உள்ளே விதித்த கட்டுப்பாடு நடப்பு ஷெல்லிலேயே தங்கிவிடும். நெளிவு அடைப்பை ஒட்டி ஒரு குத்துக்கோடு போட்டால் இன்னொரு வடிவம். அது வெளியீட்டைப் பிடிக்காமல், உள்ளே 'ரிப்ளை' என்ற மாறியில் வைத்ததை மதிப்பாகத் தரும், இறுதி வரிமுடிவுகளை நீக்காது. கடைசியில் வெற்று வரி உள்ள கல்வெட்டு உரைகளைக் கையாளுபவருக்கு நாற்பது ஆண்டுக்கும் மேலான குறை ஒன்று இதனால் தீர்கிறது. ஆனால் டெபியன் 12, 13, உபுண்டு 24.04 எல்லாவற்றிலும் இருப்பது பாஷ் 5.2 வரிசைதான். அந்தக் கணினிகளில் இந்த வடிவங்களை எழுதினால் ஷெல் பிழை சொல்லும். அங்கே இறுதியில் புள்ளி சேர்த்து உருவும் முறையையே இப்போதைக்கும் பயன்படுத்த வேண்டும்.